அக்காவுக்கு நான் செய்த தண்ணீர் இல்லாத ஷாம்பு

அக்கா ஒரே ஒரு தடவைதான் தும்மினாள். பிள்ளை பிறந்த ஆறாம் நாள் அது. கட்டிலில் உட்கார்ந்தபடி மூக்கைச் சுருக்கி ஒரு சின்னத் தும்மல், அவ்வளவுதான். மறுநாள் அவளுக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றுவதாக இருந்தது. தும்மல் சத்தம் அடுப்படி வரைக்கும் போய் அம்மாவின் காதில் விழுந்துவிட்டது.

"ஏழாம் நாளு வேணாம். பதினொண்ணாம் நாளு ஊத்திக்கிருவோம்" என்றபடி கரண்டியோடு வந்து நின்றாள் அம்மா.

"தூசி போயிருச்சும்மா. ஒரு மனுசி தும்மக்கூடக் கூடாதா?"

"பச்ச ஒடம்புக்காரி. ஒனக்குச் சளி பிடிச்சா பாலு வழியா புள்ளைக்குப் போகும். நாலு நாளு பொறு. தலை எங்கயும் ஓடிப் போயிறாது."

எங்கள் ஊர் குஜிலியம்பாறைக்குப் பக்கத்தில். பிள்ளை பெற்றவளுக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றுவதை ஒற்றைப்படை நாளில்தான் செய்வார்கள். எந்த ஒற்றைப்படை என்பதைப் பெற்றவளின் அம்மாதான் தீர்மானிப்பாள். அதில் பங்குத் தந்தை வந்து சொன்னாலும் எங்கள் அம்மா கேட்க மாட்டாள். அதுவரைக்கும் தினமும் பூண்டு தட்டிப் போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெய் தலையில் இறங்கும். காதில் பஞ்சு. ஃபேன் போடக் கூடாது. பங்குனி வெயிலில் ஓட்டு வீட்டுக்குள் ஃபேன் இல்லாமல் ஆறு நாள் இருந்த தலை எப்படி இருக்கும் என்று நான் எழுத வேண்டியதில்லை. அக்காவின் தலையணை உறையைப் பிழிந்தால் ஒரு கரண்டி எண்ணெய் கிடைத்திருக்கும்.

திண்டுக்கல்லில் ஒரு தனியார் பள்ளியில் வேதியியல் ஆய்வக உதவியாளராக இருக்கிறேன். அன்று சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்குள் நுழைந்ததும் அக்கா என்னைக் கையைக் காட்டிக் கூப்பிட்டாள்.

"ஏலே, கதவைச் சாத்திட்டு வா."

சாத்தினேன்.

"ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு அவுக வீட்டுல இருந்து புள்ளையப் பாக்க வாராகளாம். மதினியும் வருதாம்."

எனக்கு விளங்கிவிட்டது. மதினி என்று அவள் சொன்னது அவளுடைய நாத்தனாரை. மச்சானுக்கு மூத்தவர். திண்டுக்கல் டவுனில் பியூட்டி பார்லர் வைத்திருக்கிறார். இரண்டு வருடத்துக்கு முன்னால் கல்யாணத்தன்று காலை அக்காவுக்கு மேக்கப் போட்டவர் அவர்தான். அம்மா முதல் நாளே மகளின் தலைக்கு ஒரு பாட்டில் எண்ணெயைக் காலி பண்ணியிருந்தாள். சீப்பைக் கையில் எடுத்த நாத்தனார், மண்டபத்து அறையில் இருபது பெண்கள் சுற்றி நிற்க, "இந்தத் தலையில ஒரு ஈடு வடை போட்டு எடுக்கலாமே" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். ஆனால் அன்றையிலிருந்து நாத்தனார் கண்ணில் படுகிற எந்த நாளிலும் அவள் தலைக்குக் குளிக்காமல் இருந்ததில்லை. காய்ச்சலோடுகூட ஒருமுறை குளித்துவிட்டுப் போயிருக்கிறாள்.

"ஞாயித்துக்கிழமை ஒம்பதாம் நாளு. செவ்வாக்கிழமைதான் அம்மா தண்ணி ஊத்தும்" என்றாள். "அந்த மதினி என்னய இப்பிடிப் பாத்துச்சுன்னா எம் புள்ளைக்குக் காது குத்துற வரைக்கும் சொல்லிக் காட்டும். நீ படிச்சிருக்கேல்ல? ஏதாச்சும் பண்ணு."

எங்கள் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் எழுத்து தெரியாது. அக்கா எட்டாவதோடு நின்று நூல் மில்லுக்குப் போனாள். பட்டம் வாங்கியது நான் ஒருத்தன். அதனால் ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பது, மாத்திரை அட்டையில் காலாவதித் தேதி பார்ப்பது, டி.வி. ரிமோட்டுக்கு எந்தப் பக்கம் பேட்டரி போடுவது எல்லாம் என் துறை. அம்மாவும் அப்பாவும் ஒரு நாளைக்குப் பத்து வேலை சொல்வார்கள். அக்கா மட்டும் என் படிப்பை வைத்து எனக்கு ஒரு வேலையும் சொன்னதில்லை. இதுதான் முதல் தடவை. எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது என்பதை ஒளிக்க விரும்பவில்லை.

போனில் தேடினேன். டிரை ஷாம்பு என்று ஒன்று இருந்தது. தண்ணீரே வேண்டாம். மாவைத் தலையில் தூவினால் அது எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும், பிறகு சீவி உதறிவிட வேண்டியது. படித்தவனுக்குக் காரணமும் புரிந்தது: ஸ்டார்ச். நான் ஒரு நோட்டை எடுத்து, நோக்கம், தேவையான பொருட்கள், செய்முறை, முடிவு என்று கோடு போட்டேன். பள்ளியில் பிள்ளைகளின் ரெக்கார்டு நோட்டைத் தினமும் அடுக்கி வைப்பவனுக்கு வேறு விதமாக எழுத வராது.

வெள்ளிக்கிழமை காலை முதல் சோதனை, என் தலையிலேயே. பச்சரிசி மாவு நான்கு ஸ்பூன். முந்தின நாள் ராத்திரியே அக்காவின் எண்ணெயைத் தேய்த்துத் தயாராக இருந்தேன். மாவைத் தூவி, விரலால் தடவி, சீவினேன். எண்ணெய் போய்விட்டது. அது நிஜம். ஆனால் எவ்வளவு உதறினாலும் தலை வெள்ளையாகவே இருந்தது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் அப்படியே போனேன்.

"என்னப்பு, மாவு மில்லுல இருந்து நேரா வாறியா?" என்றார் கண்டக்டர்.

பக்கத்து சீட்டுப் பெரியவர் ஒருவர் எழுந்து எனக்கு இடம் கொடுத்தார். ஏன் என்று எனக்குத் திண்டுக்கல் வரும்வரை புரியவில்லை. ஜன்னல் கண்ணாடியில் என் தலையைப் பார்த்த பிறகு அவரை உட்காரச் சொல்லிக் கெஞ்ச வேண்டியதாயிற்று.

முடிவு என்ற தலைப்பின் கீழ் எழுதினேன்: "எண்ணெய் நீங்கியது. வயது கூடியது. நிறம் தேவை."

கறுப்பு முடிக்காரர்கள் மாவோடு கோக்கோ பொடி கலக்க வேண்டும் என்று போனில் போட்டிருந்தது. எங்கள் ஊர்க் கடையில் கோக்கோ என்று கேட்டேன். கடைக்காரர் கோகோ கோலாவா என்றார், அதுவும் இல்லை என்றார். அடுப்புக்கரியைப் பொடி பண்ணிப் பார்த்தேன். நிறம் பிரமாதம். ஆனால் அக்கா பிள்ளையைத் தூக்கினால் பிள்ளை பாதி கறுப்பாகிவிடும் என்று அதைக் கைவிட்டேன்.

அப்போதுதான் அலமாரியைப் பார்த்தேன்.

எங்கள் பக்கம் பிள்ளை பெற்றவளைப் பார்க்க வெறுங்கையோடு வர மாட்டார்கள். ஒரு பாக்கெட் பிரெட், நாலு ஆரஞ்சு, பாலில் கலந்து குடிக்கிற சத்துப் பொடி பாட்டில் ஒன்று. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த இந்த நான்கைந்து நாளில் அலமாரியில் பதினொரு பாட்டில் சேர்ந்திருந்தது. அதில் ஏழு சாக்லேட். அக்கா ஒன்றைக்கூடத் திறக்கவில்லை. பிள்ளைக்கு வயிறு கட்டிக்கொள்ளும் என்று அம்மா தடை போட்டிருந்தாள். நான் ஒரு பாட்டிலை எடுத்துப் பின்பக்கம் படித்தேன். கோக்கோ என்று அச்சடித்திருந்தது. அதற்கு முன்னாலேயும் சில பெயர்கள் இருந்தன. தேடியது கிடைத்துவிட்ட சந்தோஷத்தில் அவற்றை நான் படிக்கவில்லை. இதை மட்டும் நோட்டில் எழுதாமல் விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை இரண்டாம் சோதனை. லீவு நாள். மாவு நான்கு ஸ்பூன், சாக்லேட் பொடி மூன்று ஸ்பூன், துணியில் இரண்டு தடவை சலித்தது. மறுபடியும் என் தலை. அரைநாள் முன்னறை ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்திருந்தேன். முடி பொசுபொசுவென்று இருந்தது. நிறம் அச்சு அசல். அக்கா கட்டிலில் இருந்தபடியே என் தலையை இழுத்து மோந்து பார்த்தாள்.

"ஏலே, பேக்கரிக்குள்ள போன மாதிரி மணக்குதுடா."

"அது உபரிப் பயன்" என்றேன்.

"பெரிய விஞ்ஞானிதான் போ" என்று என் காதைப் பிடித்துத் திருகினாள். அவள் அவ்வளவு சந்தோஷப்பட்டு அந்த வாரத்தில் நான் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு, அம்மா ஆட்டுக்குத் தழை ஒடிக்கப் போன சமயம், அக்காவின் தலைக்குப் பொடி போட்டேன். வகிடு வகிடாகப் பிரித்து, காதுப் பஞ்சில் படாமல், பொறுமையாக. அவளுக்கு முடி அதிகம். கலந்து வைத்திருந்த டப்பா முழுவதும் காலியானது. சீவி முடித்ததும் கண்ணாடியைக் காட்டினேன். அவள் தலையை இடப்பக்கம் திருப்பிப் பார்த்தாள், வலப்பக்கம் திருப்பிப் பார்த்தாள். "வரட்டும்" என்றாள். யாரைச் சொன்னாள் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

மிக்சரும் முறுக்கும் வாங்க நான் கடைக்குக் கிளம்பினேன். திரும்பி வர ஒரு மணி நேரம் ஆனது. அந்த ஒரு மணி நேரத்தில் என்ன நடக்கும் என்பது எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பிள்ளையைக் குளிப்பாட்டியதும் அம்மா தினமும் செய்வதுதான். தூபக்காலில் கங்கு அள்ளிப் போட்டு, சாம்பிராணி தூவி, முதலில் பிள்ளைக்குக் காட்டுவாள். அப்புறம் அக்காவைக் குனிய வைத்து, முடியைக் கூடை மேல் விரித்துப் போட்டு, அடியில் தூபக்காலை வைத்துவிடுவாள். முடி சூடாகும். சளி பிடிக்காது. அன்றைக்கு விருந்தாளி வருகிறார்கள் என்பதால் கங்கு கொஞ்சம் கூடுதல்.

என் தலையில் செய்த சோதனையில் ஃபேன் இருந்தது. கங்கு இல்லை.

நான் வாசலுக்கு வரும்போதே வாசனை வந்தது. சாம்பிராணியும் கருகின சர்க்கரையும் கலந்த வாசனை. உள்ளே அக்கா கட்டிலின் நடுவில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். அவள் தலையில் ஒரு சீப்பு நின்றுகொண்டிருந்தது. யாரும் அதைப் பிடித்திருக்கவில்லை.

"ஏலே" என்றாள், மிக அமைதியாக. "சீப்பு வர மாட்டேங்குது."

தொட்டுப் பார்த்தேன். கடலை மிட்டாய்க்குப் பாகு ஊற்றி ஆற வைத்த மாதிரி இருந்தது. கடலை மட்டும்தான் இல்லை. சர்க்கரை, எண்ணெய், மாவு, வியர்வை, கங்குச் சூடு. நோட்டில் எழுதியிருந்தால் நல்ல செய்முறை.

"என்னத்தடா போட்ட எம் மக தலையில?" என்று அம்மா வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்தாள். "ஒண்ணும் போடலைங்குறா இவ. பலகாரம் மணக்குது!"

"டிரை ஷாம்பும்மா."

"அது எந்தக் கடையில விக்கிது? அவன் வீட்டுல இடி விழுக!"

நான்தான் அந்தக் கடை என்று சொன்னேன். அம்மா தழை ஒடித்த குச்சியைத் தேடினாள். அதற்குள் அக்கா கத்தினாள். கட்டில் காலைச் சுட்டிக் காட்டினாள். கதவு நிலையிலிருந்து ஒரு எறும்பு வரிசை புறப்பட்டு, தரையைக் கடந்து, கட்டில் காலில் ஏறிப் பாதி தூரம் வந்துவிட்டிருந்தது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அப்பா களத்துமேட்டுக்கு ஓடினார். அவர் அந்தக் காலையில் செய்த ஒரே காரியம் அதுதான். ஆனால் எங்கள் எல்லாரையும்விட உருப்படியான காரியம்.

வெளியே ஆட்டோ நின்ற சத்தம் கேட்டது.

அக்கா என்னைப் பார்த்தாள். நான் கொடியில் கிடந்த துண்டை உருவி, சீப்போடு சேர்த்து அவள் தலையைச் சுற்றிக் கட்டினேன். உச்சியில் கூரை முகடு மாதிரி ஒரு மேடு நின்றது. கட்டில் காலைச் சுற்றிச் சீமெண்ணெய் ஊற்றினேன். நாத்தனாரும் அவருடைய அம்மாவும் உள்ளே வந்தார்கள். நாத்தனாரின் கையில் ஆரஞ்சும் பிரெட்டும் ஒரு சாக்லேட் பொடி பாட்டிலும் இருந்தன. அந்தப் பாட்டிலைப் பார்த்ததும் அக்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

"புள்ள எங்க?" என்று கேட்ட நாத்தனார், அதற்குப் பதில் வருவதற்குள் மூக்கை உறிஞ்சினார். "என்ன அத்த, கேக்கு எதுவும் செஞ்சீகளா?"

"கேக்கா? இல்லையே தாயி" என்றாள் அம்மா.

"இல்ல, மணக்குது. நல்லா மணக்குது. அம்மா, ஒனக்கு மணக்கலை?"

அவருடைய அம்மா அடுப்படிப் பக்கம் ஆவலாகப் பார்த்தார். எனக்கு மிக்சர் பொட்டலத்தை நீட்டுவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை. இரண்டு பேரும் மிக்சரைக் கையில் வாங்கிக்கொண்டு கேக்குக்காகக் காத்திருந்தார்கள். சீமெண்ணெய்க்கு முன்னாலேயே மேலே ஏறிவிட்ட ஒரு எறும்பு, துண்டின் விளிம்பில் இருந்து இறங்கி, அக்காவின் நெற்றி வழியாக மூக்கை நோக்கி நடந்தது. அக்கா அசையவில்லை. நாங்கள் நான்கு பேரும் அந்த எறும்பையே பார்த்தோம்.

நாத்தனார் எழுந்து வந்து, இரண்டு விரலால் எறும்பை எடுத்துப் போட்டார். பிறகு அதே இரண்டு விரலால் துண்டைத் தூக்கினார். சீப்பு வெளியே வந்து நின்றது.

"சொல்லுங்க மதினி" என்றாள் அக்கா. "இப்பவே சொல்லிருங்க. அப்பறமா பத்து பேருக்கு முன்னாடி சொல்ல வேணாம்."

நாத்தனார் ஒரு முடிக்கற்றையை உருட்டிப் பார்த்தார். விரலை மோந்தார். பிறகு, தொழில் தெரிந்தவர் என்பதால்தான் இருக்க வேண்டும், விரலை நாக்கில் வைத்தார்.

"இனிக்குது" என்றார். "யாரு செஞ்ச வேலை இது?"

நான் முன்னால் வந்து நின்று, நோக்கம் முதல் முடிவு வரை எல்லாவற்றையும் சொன்னேன். ஏன் செய்தேன் என்றுகூடச் சொன்னேன். வடை விஷயமும் அதில் வந்துவிட்டது. சொல்லி முடித்த பிறகுதான் அதை விட்டிருக்கலாம் என்று தோன்றியது. அவர் முகம் ஒரு மாதிரி ஆனது. மிக்சர் இருந்த கையைக் கீழே இறக்கினார்.

"தம்பி என்ன படிச்சிருக்கீக?"

"கெமிஸ்ட்ரி."

"சக்கரையச் சூடு பண்ணுனா என்ன ஆகும்னு அதுல வரலையா?"

"வந்துச்சு" என்றேன். "செகண்டு இயர்ல."

அக்காதான் முதலில் சிரித்தாள். அழுகிற மாதிரி ஆரம்பித்துச் சிரிப்பாகப் போனது. அதற்கப்புறம் நாத்தனார், அவருடைய அம்மா, கடைசியில் தழைக்குச்சியோடு நின்ற எங்கள் அம்மாவும்.

சிரித்து முடித்ததும் நாத்தனார் சேலையைத் தூக்கிச் செருகினார். "அத்த, வெந்நி போடுங்க."

அம்மாவின் சிரிப்பு நின்றது. "பதினொண்ணாம் நாளுதான் தாயி ஊத்தணும். சளி பிடிக்கும்."

"அது வரைக்கும் இத வச்சிருந்தா எறும்பு தூக்கிட்டுப் போயிரும். ஒண்ணு வெந்நி குடுங்க. இல்ல கத்தரி குடுங்க. எது வேணும்?"

பிள்ளை பெற்றவள் தலையில் கத்தரி வைப்பதா! அம்மா நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். இவ்வளவு நடந்த பிறகும் என் பக்கம்தான் திரும்பினாள்.

"படிச்சவன் நீயே சொல்லு. என்னடா செய்ய?"

"சர்க்கரை வெந்நியில கரையும்மா" என்றேன். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

அம்மா செத்த நேரம் விரலை மடக்கி மடக்கி எண்ணினாள். "இன்னைக்கு ஒம்பதாம் நாளு" என்றாள் கடைசியில், யாரிடமோ கோபித்துக்கொள்கிற மாதிரி. "ஒம்பதும் ஒத்தப்படைதான்."

கிணற்றடிக் கல்லில் அக்காவை உட்கார வைத்தார் நாத்தனார். நான் அடுப்படியிலிருந்து அண்டாவைத் தூக்கி வந்தேன். முதல் இரண்டு சொம்புத் தண்ணீர் தரையில் விழுந்தபோது காப்பி நிறத்தில் இருந்தது. கோழிகள் ஓடி வந்தன. சர்க்கரை கரைந்தது, அதுவரை நான் சொன்னது சரி. ஆனால் அரிசி மாவின் மேல் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றினால் என்ன ஆகும் என்று நான் யோசித்திருக்கவில்லை. நாத்தனாரின் விரல் நடுவே கொழகொழவென்று ஏதோ திரண்டது.

"தம்பி" என்றார் திரும்பாமலேயே. "கஞ்சி ரெடியாயிருச்சு. உப்புப் போட்டுக் குடிச்சிருவோமா?"

வெந்நீரை ஆற்றி, சீயக்காய் போட்டு, அலசி, மறுபடியும் போட்டு, மறுபடியும் அலசி, சீப்பு விடுபடவே அரைமணி நேரம் ஆனது. நான் தண்ணீர் சுமந்துகொண்டே இருந்தேன். அம்மா நாலு அடி தள்ளி நின்று, "காதுல விழுகாம, காதுல விழுகாம" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

"எனக்கு மொதப் புள்ளைக்கு இருவத்தோரு நாளு ஊத்தல, தெரியுமா?" என்று நாத்தனார் அக்காவின் காதுப்பக்கம் குனிந்து சொன்னார். "பொறந்த வீட்டுல எங்கம்மா வச்ச சட்டம். பார்லர்க்காரி தலையப் பாருன்னு ஊரே பாத்துச்சு. இந்தா நிக்கிது, கேளு."

வாசலில் நின்ற அவருடைய அம்மா மிக்சரை மென்றபடி வானத்தைப் பார்த்தார்.

"முடி நல்ல முடி" என்றார் நாத்தனார், அலசியபடியே. "அன்னைக்கும் நல்ல முடிதான். சொல்லிருக்கலாம் நானு."

அக்கா கண்ணை மூடி, கழுத்தைப் பின்னால் சாய்த்து, தலையின் முழுப் பாரத்தையும் நாத்தனாரின் கையில் விட்டிருந்தாள். அவள் கால்விரல்கள் ஈரக் கல்லில் விரிந்து கிடந்தன.

"போதும் தாயி, முடிஞ்சிருச்சுல்ல, துவட்டுங்க" என்றாள் அம்மா, துண்டை நீட்டியபடி.

"முடிஞ்சிருச்சு அத்த" என்றார் நாத்தனார்.

"இன்னும் ரெண்டு சொம்பு ஊத்துங்க மதினி" என்றாள் அக்கா, கண்ணைத் திறக்காமல்.

நாத்தனார் எனக்குக் கண்ணைக் காட்டினார். நான் அண்டாவை எடுத்துக்கொண்டு ஓடினேன்.